வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த அட்டை?



ஒரு காலத்தில் மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பகுதிக் கடைக்காரர்களுக்குச் சரக்கு எடுக்கும் தூரப் பயணம் என்றால் அது கொழும்பு புறக்கோட்டை வரைதான். பதுளையில் இரவு ரயில் ஏறி, மறுநாள் முழுக்க மெயின் வீதியிலும் கெய்ஸர் வீதியிலும் அலைந்து, அடுத்த இரவு திரும்பி வந்துவிடுவோம். இன்று நிலைமை வேறு. புடைவை வியாபாரி சென்னைக்குப் போகிறார். இலத்திரனியல் சாமான் விற்பவர் சீனாவின் குவாங்சோவுக்குப் போகிறார். அல்லாஹ் வசதியைக் கொடுத்தவர்கள் உம்ராவுக்குப் போகிறார்கள். போகும் முன் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “கையில் எந்தக் கார்டைக் கொண்டுபோவது?”

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எது செலவு குறைந்தது என்பது ஒன்று. எது வட்டியில் மாட்டிவிடாதது என்பது மற்றது. வங்கி உத்தியோகத்தர் முதலாவதற்கு மட்டும் பதில் சொல்வார். பள்ளிவாசல் மௌலவி இரண்டாவதற்கு மட்டும் பதில் சொல்வார். வியாபாரிக்கோ இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வேண்டும். இந்த வாரம் அதைப் படிப்போம்.

பயணியின் பணம்: பழைய பிரச்சினை

பயணத்தில் பணத்தைச் சுமப்பது ஆபத்து என்பது நேற்று வந்த கவலை அல்ல. வழிப்பறிக்குப் பயந்து, ஓர் ஊரில் பணத்தைக் கொடுத்துவிட்டு இன்னோர் ஊரில் அதைப் பெற்றுக்கொள்ளும் கடிதத்தை அக்கால முஸ்லிம் வணிகர்கள் வாங்கிச் சென்றனர். அதற்கு ‘சுஃப்தஜா’ என்று பெயர். கடனால் கிடைக்கும் நன்மை என்ற வகையில் இது வட்டியைச் சேருமா என்று மத்ஹபுகளின் அறிஞர்கள் நீண்ட விவாதமே நடத்தியிருக்கிறார்கள். ‘சக்’ என்ற எழுத்துப் பத்திரமும் புழக்கத்தில் இருந்தது. பத்தாம் நூற்றாண்டுப் பயணியான இப்னு ஹவ்கல், சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் இருந்த அவ்தகுஸ்த் நகரில் 42,000 தீனாருக்கான ஒரு ‘சக்’கைக் கண்டதாகக் குறிப்பிட்டுள்ளார்.

பிற்காலத்தில் 1891இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் பயணிகள் காசோலையை வெளியிட்டது. 1950இல் டைனர்ஸ் கிளப் அட்டை வந்தது. 1958இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு வங்கி அட்டையே 1976இல் வீசா என்று பெயர் மாறியது. ஆக, நம் சட்டைப் பையில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டு புதியது. அது தீர்க்க வந்த பிரச்சினை பழையது. அன்று அறிஞர்கள் கேட்ட கேள்வியையே இன்று நாமும் கேட்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் யார் யாருக்குக் கடன் கொடுக்கிறார்? அந்தக் கடனுக்குப் பதிலாக யார் என்ன பெறுகிறார்?

மூன்று வகை அட்டைகள்

முதலாவது கடனட்டை, அதாவது கிரெடிட் கார்ட். இதில் செலவாவது வங்கியின் பணம். மாத முடிவில் சிட்டை வரும். குறித்த நாளுக்குள் முழுவதையும் கட்டினால் வட்டி இல்லை. கட்டாவிட்டால் வட்டி ஓடும்.

இரண்டாவது, ரூபாக் கணக்கோடு இணைந்த டெபிட் கார்ட். இதில் செலவாவது உங்கள் சொந்தப் பணம். கணக்கில் உள்ள அளவுக்குத்தான் அட்டை வேலை செய்யும்.

மூன்றாவது, வெளிநாட்டு நாணயத்தில் பணம் இருக்கும் அட்டை. வெளிநாட்டு நாணயக் கணக்கோடு இணைந்த டெபிட் கார்டாக அது இருக்கலாம். முற்பணம் நிரப்பிச் செல்லும் பயண அட்டையாகவும் இருக்கலாம். சில வங்கிகளே இவற்றை வழங்குகின்றன. மகனோ தம்பியோ கட்டாரில், சவூதியில் உழைத்து அனுப்பும் டொலரைத் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் பகுதியில் பல உண்டு. அவர்கள் தம் வங்கியில் இந்த வசதி இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

கடன் கொப்பியும் கடனட்டையும்

தோட்டப்புறத்தில் கடை வைத்திருக்கும் நமக்குக் கடனட்டையை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் கடன் கொப்பியே போதும். தோட்டத் தொழிலாளி மாதம் முழுக்க அரிசி, மா, சீனி எடுக்கிறார். நாம் கொப்பியில் எழுதுகிறோம். சம்பள நாளில் வந்து கட்டுகிறார். சில மாதம் முழுவதும் கட்ட முடியாமல் பாதியைக் கட்டிவிட்டு மீதியை அடுத்த மாதத்துக்கு வைக்கிறார். அப்போது நாம் என்ன செய்கிறோம்? மீதியை மட்டும் அடுத்த பக்கத்தில் எழுதிக்கொள்கிறோம். அதற்கு மேல் ஒரு சதமும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் அது வட்டி என்று நமக்குத் தெரியும்.

கடனட்டையும் ஒரு கடன் கொப்பிதான். வித்தியாசம் என்னவென்றால், “மீதி வைத்தால் இத்தனை வீதம் கூடுதலாகத் தருவேன்” என்று முதல் பக்கத்திலேயே வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நாம் பிறருக்கு எழுத மறுக்கும் நிபந்தனைக்கு, நாமே போய்க் கையொப்பமிடுகிறோம்.

இதனால்தான் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேச ஃபிக்ஹு அகடமி, 2000 செப்டெம்பரில் ரியாத் நகரில் நடந்த தனது 12ஆவது அமர்வில் ஒரு தீர்மானம் எடுத்தது. கணக்கில் பணமின்றிக் கடனாக வழங்கப்படும் அட்டையில் வட்டி நிபந்தனை இருந்தால், அதை வழங்குவதும் பாவிப்பதும் கூடாது. காலத்துக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் சரியே என்பது அத்தீர்மானத்தின் சாரம். அட்டை வழங்கும் சேவைக்கான நியாயமான கட்டணத்தை அது தடுக்கவில்லை. 2004இல் மஸ்கட் நகரில் நடந்த 15ஆவது அமர்வு, கணக்கில் பணம் உள்ள அட்டையை, அதாவது டெபிட் கார்ட் வகையை, அனுமதித்தது.

வேறு கருத்துடைய உலமாக்களும் இருக்கிறார்கள். மாற்று வழி இல்லாத தேவையின்போது, ஒரு நாளும் தவணை தவறாத உறுதியோடு கடனட்டையைப் பாவிக்கலாம் என்பது அவர்களின் நிலைப்பாடு. இதில் பத்வாச் சொல்ல நான் தகுதியானவன் அல்லன். உங்களுக்கு நம்பிக்கையான ஆலிமிடமோ ஜம்இய்யத்துல் உலமாவிடமோ கேட்டுத் தெளிவு பெறுங்கள். வியாபாரியாக நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மாற்று வழி இருக்கும் இடத்தில், கருத்து வேறுபாட்டின் நடுவே போய் நிற்கத் தேவையில்லை.

மாற்று வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கி முறைக்கு இடம் கிடைத்தது. 2011 ஓகஸ்டில் அமானா வங்கி முழுமையான வர்த்தக வங்கியாகச் செயற்படத் தொடங்கியது. அது டெபிட் கார்ட் வழங்குகிறது. கொமர்ஷல் வங்கியின் ‘அல் அதாலா’, ஹற்றன் நஷனல் வங்கியின் ‘அல் நஜாஹ்’ போன்ற இஸ்லாமியப் பிரிவுகளும் உள்ளன. எந்தப் பிரிவின் கணக்கோடு எந்த அட்டை கிடைக்கும், அது வெளிநாட்டில் வேலை செய்யுமா என்பதைக் கிளையில் கேட்டு அறியலாம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு

இப்போது முதலாவது கேள்விக்கு வருவோம். அட்டையைத் தேய்த்தால் எவ்வளவு போகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின்வரும் வீதங்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை. உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அந்த எண்களைப் போட்டு நீங்களே கணக்கைத் திருப்பிச் செய்யுங்கள்.

பயணத்தில் சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்துக்கு 1,000 டொலர் செலவு என்று வைப்போம். ஒரு டொலர் 300 ரூபா என்றால் அது 300,000 ரூபா. நாணய மாற்றுக்காக வங்கி 3 வீதம் கூட்டினால் 9,000 ரூபா. கடனட்டையின் வெளிநாட்டுப் பாவனைக்கு அரச முத்திரை வரி உண்டு. அதை ஆயிரத்துக்கு 25 ரூபா என்று கொண்டால் 7,500 ரூபா. இதுவரை 16,500 ரூபா.

அந்தப் பணத்தையே கடனட்டை மூலம் ஏ.டி.எம். இயந்திரத்தில் காசாக எடுத்தால் கதை வேறு. காசு எடுக்கும் கட்டணம் 4 வீதம் என்றால் 12,000 ரூபா. சாமான் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் காசு எடுத்தால் கிடைப்பதில்லை. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆண்டுக்கு 24 வீதம் என்றால் 30 நாளைக்கு ஏறத்தாழ 5,900 ரூபா. எல்லாம் சேர்த்தால் 34,400 ரூபா. முதலில் நூற்றுக்குப் பதினொன்றரை பங்கு!

நூற்றுக்குப் பத்து இலாபம் வைத்து விற்கும் வியாபாரிக்கு இதன் பொருள் புரியும். பயணச் செலவும் சாமானின் அடக்க விலையில் சேர்வதுதானே. மேலும், “காலத்துக்குள் கட்டிவிடுவேன்” என்ற நிய்யத் கடனட்டையில் காசு எடுப்பவருக்கு உதவாது. அங்கே முதல் நாளே வட்டி பிறந்துவிடுகிறது. ஆகவே கடனட்டையை அனுமதிக்கும் கருத்தைப் பின்பற்றும் சகோதரர்களும் இந்தக் கதவைத் திறக்கக் கூடாது.

“ரூபாவில் கட்டுகிறீர்களா?”

வெளிநாட்டுக் கடையிலோ ஹோட்டலிலோ அட்டையைப் போட்டதும் சில இயந்திரங்கள் ஒரு கேள்வி கேட்கும். இந்த ஊர் நாணயத்தில் அறவிடவா, இலங்கை ரூபாவில் அறவிடவா? ரூபா என்றால் நமக்குக் கணக்கு விளங்குமே என்று பலர் ரூபாவை அமத்திவிடுகிறார்கள். இது நட்டமான தெரிவு. ரூபாவைத் தெரிவு செய்தால், மாற்று வீதத்தை உங்கள் வங்கி தீர்மானிப்பதில்லை. அந்த இயந்திரத்தின் பின்னால் உள்ள நிறுவனம் தன் இலாபத்தையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது.

2,000 யுவான் ஹோட்டல் சிட்டை, ஒரு யுவான் 42 ரூபா என்று கொண்டால் 84,000 ரூபா. இயந்திரம் 5 வீதம் கூட்டினால் 88,200 ரூபா. ஒரு பொத்தானை அமத்தியதற்கு 4,200 ரூபா! போதாததற்கு, வெளிநாட்டில் ரூபாவில் நடந்த கொடுக்கல் வாங்கலுக்குத் தனிக் கட்டணம் எடுக்கும் வங்கிகளும் உண்டு. எனவே எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டு நாணயத்தையே தெரிவு செய்யுங்கள். சீனாவில் யுவான், சென்னையில் இந்திய ரூபா, மக்காவில் ரியால்.

2022 தந்த பாடம்

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 203 ரூபா அளவில் இருந்தது. மே மாத நடுப்பகுதியில் அது 360 ரூபா அளவுக்கு ஏறியது. ஏப்ரல் 12ஆம் திகதி நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. வங்கிகளில் டொலர் இல்லை. வெளிநாட்டில் அட்டைகளைப் பாவிக்க வங்கிகள் கட்டுப்பாடு விதித்தன. கடனட்டை வட்டியும் ஆண்டுக்கு 36 வீதம் வரை போனது.

இதிலிருந்து மூன்று விடயங்களைப் படிக்கலாம். ஒன்று, நீங்கள் அட்டையைத் தேய்த்த நாளின் வீதம் அல்ல, அந்தத் தொகை வங்கிக்கு வந்து பதியப்படும் நாளின் வீதமே உங்கள் கணக்கில் விழும். ரூபா விழுந்துகொண்டிருக்கும் காலத்தில் இந்த இரண்டு மூன்று நாள் இடைவெளியே பெரும் நட்டம் தரும். இரண்டு, டொலரில் பணம் வைத்திருப்பவருக்கு இந்தப் பயம் குறைவு. சவூதி ரியால் 1986 முதல் டொலருக்கு 3.75 என்று நிலையாக இருக்கிறது. எமிரேட்ஸ் திர்ஹம் 1997 முதல் 3.6725. ஆகவே உம்ராவுக்கோ டுபாய்க்கோ டொலர் அட்டையோடு போகிறவர் தன் செலவைப் புறப்படும் முன்பே கணக்குப் பார்த்துவிடலாம். மூன்று, எந்த ஒரு அட்டையும் ஒரே இரவில் செயலிழக்கலாம். ஒரே அட்டையை மட்டும் நம்பிப் பயணம் போகக் கூடாது.

அட்டை எதற்கு, எதற்கு அல்ல

இது வர்த்தகர்கள் கட்டாயம் அறிய வேண்டிய பகுதி. 1953ஆம் ஆண்டின் பழைய செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் 2017 நவம்பர் 20 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் கீழ் நம் அட்டைகளின் வெளிநாட்டுப் பாவனை தனிப்பட்ட தேவைகளுக்கானது. சாப்பாடு, தங்குமிடம், வைத்தியம், வீட்டுக்கு வாங்கும் சாமான் போன்றவை அதில் அடங்கும். கடைக்கு விற்பனைக்காக எடுக்கும் சரக்கின் பணம் வங்கி மூலமே போக வேண்டும். கடன் கடிதம், ஆவணக் கொடுப்பனவு, தந்திப் பணமாற்று என்று அதற்கு வழிகள் உண்டு. அட்டைகளால் மெய்நிகர் நாணயம் வாங்குவதை மத்திய வங்கி 2021இல் தெளிவாகத் தடை செய்துள்ளது.

குவாங்சோவில் சரக்கு பேசியதும் வழங்குநர் முற்பணம் கேட்பார். அப்போது அட்டையைத் தேய்க்கவோ, “உண்டியலில் போட்டுவிடலாம்” என்று சொல்பவரை நம்பவோ மனம் தூண்டும். உண்டியலில் போன பணத்துக்குக் கையில் ஆவணம் இல்லை. சரக்கு பிழையாக வந்தால் வழக்குப் பேச இடமில்லை. சுங்கத்தில் கேட்டால் பதில் இல்லை. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரா பகராவில் நமக்குக் கட்டளை இருக்கிறது. எழுத முடியாத ஒரு கொடுக்கல் வாங்கலில் இறங்கும் முன் இதை ஒருமுறை யோசியுங்கள்.

நாட்டுக்கு நாடு

சீனாவில் கடைக்காரர்கள் அட்டையையும் பார்ப்பதில்லை, தாளையும் பெரிதாக விரும்புவதில்லை. எல்லாம் தொலைபேசிதான். 2023 முதல் அலிபே, வீசெட் இரண்டும் வெளிநாட்டு வீசா, மாஸ்டர்கார்ட் அட்டைகளை இணைக்க விரிவாக இடம் கொடுத்தன. 200 யுவானுக்குக் குறைந்த கொடுப்பனவுக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் 3 வீதம் என்பது அப்போது வந்த ஒழுங்கு. ஊரிலேயே செயலியை இறக்கி, கடவுச்சீட்டு விபரம் கொடுத்து, அட்டையை இணைத்துவிட்டுப் புறப்படுங்கள். இணைக்கும்போது வங்கியிலிருந்து ஒருமுறை இரகசிய இலக்கம் குறுஞ்செய்தியாக வரும். சீனாவின் இணைய இணைப்பில் வட்ஸ்அப்பும் ஜிமெயிலும் திறவாது என்பதையும் மறக்க வேண்டாம்.

சென்னையில் பெரிய கடைகள் வெளிநாட்டு அட்டையை ஏற்கும். மண்ணடி, பாரிமுனைப் பக்கத்துச் சிறு கடைகளில் யூ.பி.ஐ. அல்லது தாள் காசுதான். ஆகவே ஓரளவு இந்திய ரூபாவை முறையான நாணய மாற்றுநரிடம் மாற்றி வைத்திருப்பது நல்லது.

மக்கா, மதீனாவில் அட்டை நன்றாகச் செல்லும். அங்கே ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. உம்ரா முடித்த பெண்கள் தங்கம் வாங்க ஆசைப்படுவார்கள். தங்கமும் பணமும் கைக்குக் கை மாற வேண்டும் என்பது மார்க்கத்தின் விதி. மேலே சொன்ன 2000ஆம் ஆண்டுத் தீர்மானம், கடனாக வழங்கப்படும் அட்டையால் தங்கம், வெள்ளி, நாணயம் வாங்குவதை அனுமதிக்கவில்லை. 2004ஆம் ஆண்டுத் தீர்மானம், கணக்கில் பணமுள்ள அட்டையால் வாங்குவதை அனுமதிக்கிறது. மக்காவில் நின்றுகொண்டு வட்டி அட்டையால் வளையல் வாங்கும் நிலை நமக்கு வேண்டாம்.

டெபிட் கார்டின் குறைகள்

டெபிட் கார்டிலும் குறை உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஹோட்டலில் நுழைந்ததும் பாதுகாப்பு வைப்பாக ஒரு தொகையை அட்டையில் முடக்குவார்கள். கடனட்டையில் முடங்குவது வங்கியின் பணம். டெபிட் கார்டில் முடங்குவது உங்கள் சாப்பாட்டுப் பணம். அது விடுபடப் பல நாள் எடுக்கலாம். அட்டை களவு போனாலும் அப்படியே. வெளியேறுவது உங்கள் சொந்தப் பணம். அதனால் வியாபாரக் கணக்கோடு இணைந்த அட்டையைப் பயணத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். பயணத்துக்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து, வேண்டிய அளவு மட்டும் அதில் போடுங்கள். மீதியை வேறு கணக்கில் வைத்து, தேவைப்படும்போது தொலைபேசி வழியாக மாற்றிக்கொள்ளலாம். ஹோட்டல் வைப்பை முடிந்தால் தாள் காசாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

புறப்படும் முன்

வங்கிக் கிளைக்குப் போய்ப் பயணத் திகதியையும் நாட்டையும் அறிவித்து, வெளிநாட்டுப் பாவனையைத் திறந்துவிடச் சொல்லுங்கள். ஒரு நாளில் எவ்வளவு எடுக்கலாம் என்று கேளுங்கள்.

இரகசிய இலக்கக் குறுஞ்செய்தி வரும் தொலைபேசிக்கு வெளிநாட்டு இணைப்பைச் செயற்படுத்துங்கள். இதை மறந்து, அட்டையில் பணமிருந்தும் பாவிக்க முடியாமல் திண்டாடிய நானாமார் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

அட்டையில் உள்ள பெயரையும் கடவுச்சீட்டில் உள்ள பெயரையும் ஒப்பிடுங்கள். நம்மவர் பெயரில் மூன்று நான்கு முதலெழுத்துகள் இருக்கும். அட்டையில் ஒரு விதம், கடவுச்சீட்டில் இன்னொரு விதம் இருந்தால் அந்நிய ஊரில் சந்தேகம் வரும்.

இரண்டு அட்டைகளை, முடிந்தால் இரண்டு வங்கிகளின் அட்டைகளை, வெவ்வேறு பைகளில் வையுங்கள். அட்டையை முடக்க அழைக்க வேண்டிய இலக்கத்தை ஒரு தாளில் எழுதி மனைவியிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

சில நாள் செலவுக்கு டொலர் தாளும் கையில் இருக்கட்டும். அதை வங்கியிலோ மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடமோ வாங்கிப் பற்றுச்சீட்டைப் பாதுகாத்து வையுங்கள்.

முடிவாக

என் சிபாரிசு இதுதான். வெளிநாட்டு நாணயக் கணக்கு உள்ளவர் அதன் டெபிட் கார்டை முதலாவதாக வைக்கட்டும். அது இல்லாதவர் வட்டியில்லாக் கணக்கு ஒன்றின் ரூபா டெபிட் கார்டை எடுக்கட்டும். துணைக்கு இன்னொரு டெபிட் கார்டும் கொஞ்சம் தாள் காசும் போதும். சரக்கின் பணம் வங்கி வழியாகப் போகட்டும்.

டெபிட் கார்டோடு போகிறவர் தன்னிடம் உள்ளதற்கு மேல் செலவு செய்ய முடியாது. சிலர் இதைக் குறை என்பார்கள். நான் இதை இந்த அட்டையின் மிகப் பெரிய நன்மை என்பேன். பயணம் முடிந்து வீடு வந்த ஒரு மாதத்துக்குப் பின் கதவைத் தட்டும் சிட்டை அதில் இல்லை.

நம் பயணங்களையும் வியாபாரத்தையும் அல்லாஹ் பரக்கத் உள்ளதாக ஆக்குவானாக. ஆமீன்.